மேலப்பாளையத்தில் தோள் மாறிய பலகை

எனக்கு நீச்சல் தெரியாது. மெரினாவில் கால் நனைக்கும்போதுகூட மனைவியின் கையைப் பிடித்துக்கொள்கிற ரகம். அப்படிப்பட்ட நான், நாற்பத்தெட்டு வயதில், டென்மார்க்கில் ஒரு கடலோரச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு, "பாய்மரப் பலகையா? எங்கள் பக்கம் சனி ஞாயிறு ஆனால் அதுதானே பொழுதுபோக்கு. நானே அவ்வப்போது போவதுண்டு" என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. சற்று முன்புதான் வினிகரில் ஊறிய பச்சை மீன் ஒன்றை மரியாதைக்காக விழுங்கியிருந்தேன். பழியை அதன்மேல் போட்டுவிடுகிறேன்.

போனது காற்றாலை வாங்க. தொண்ணூறுகளில் கயத்தாறுப் பக்கம் பொட்டல் காட்டில் காற்றாலை நட்டுக்கொண்டிருந்த ஒரு கம்பெனியின் சென்னை அலுவலகத்தில் நான் ஆங்கிலக் கடிதங்கள் எழுதுகிறவன். முதலாளியின் ஆங்கிலத்தை உலகம் புரிந்துகொள்ளும் ஆங்கிலமாக மாற்றுவது என் உத்தியோகம். ஜன்னலுக்கு வெளியே, பலகைமேல் நின்றுகொண்டு, அதில் செருகிய பாய்த்துணியைப் பிடித்தபடி மனிதர்கள் தண்ணீரில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்கள். "உங்கள் ஊரில் இதற்கு இடம் உண்டா?" என்று யென்ஸ் என்ற நெட்டை எஞ்சினியர் கேட்டார். சாதாரணக் கேள்வி. இல்லை என்று சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும்.

மறு வருஷம் ஆனி மாதம் காற்றாலையின் இறக்கைகள் மரப்பெட்டிகளில் வந்து இறங்கின. இரண்டு இறக்கைகளுக்கு நடுவில், வைக்கோலும் காகிதமும் சுற்றி, ஒரு வெள்ளைப் பலகையும் இருந்தது. அதற்குப் பின்னால் யென்ஸ் வந்தார்.

மூன்று வாரம் பொறுத்தார். கயத்தாறு வெயிலைப் பொறுத்தார், காது கிழிக்கும் காற்றைப் பொறுத்தார், திருநெல்வேலி ஜங்ஷன் லாட்ஜில் ஞாயிற்றுக்கிழமை முழுக்க மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதையும் பொறுத்தார். பிறகு முதலாளிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்: "தண்ணீர் இருக்கிறது என்று உங்கள் ஆள் சொன்னார். இன்னும் இரண்டு வார இறுதி பார்ப்பேன். இல்லையென்றால் அதற்கடுத்த திங்கட்கிழமை ஊருக்குப் போகிறேன்." அவர் இல்லாமல் இயந்திரம் ஒன்றும் சுற்றாது. ஆடிக் காற்றோ யாருக்காகவும் காத்திருக்காது.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "அவர் ரயிலேறினா நீங்களும் ஏறிடுங்க. ஆனா உங்க டிக்கெட்ட கம்பெனி எடுக்காது."

இப்படித்தான் நான் திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தேன்.

கம்பெனி வேனை ஓட்டியவர் சுடலைமுத்து. நாற்பது வயது, கம்பி மீசை. பலகையைக் கூரைமேல் ஏற்றுவதற்குள் அவருக்கும் அதற்கும் பகை வந்துவிட்டது. முன்னால் தூக்கினால் பின்னால் இடித்தது, பின்னால் தள்ளினால் முன்னால் சைக்கிள்காரர்மேல் நீண்டது. "இந்தச் சவத்த எங்கன கெட்ட? இதுக்குன்னு ஒரு லாரிய பிடிச்சிருக்கலாம்லா" என்றார். கடைசியில் கட்டினார். கட்டியபின் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் அப்போதே ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைப் போட்டிருந்தேன். தண்ணீர் இன்னும் வெகுதூரத்தில் இருந்தது.

"சார், இது வெயிலுக்கா?"

முதல் சனிக்கிழமை. என் கையில் வரைபடம் இருந்தது. அதில் கயத்தாறைச் சுற்றி நீல நீலமாகக் குளங்கள். அவற்றில் பெரியதைத் தேடிப் போனோம். கரை இருந்தது, மதகு இருந்தது, கரைமேல் வரிசையாகப் பனையும் இருந்தது. நடுவில் ஆடு மேய்ந்தது. இன்னொரு மூலையில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். சென்னையில் ஏரியைத் தூர்த்து வீடு கட்டுவார்கள், அது எனக்குத் தெரியும். தூர்க்காமல், கட்டாமல், ஒரு குளம் தானாகவே இல்லாமல் போகும் என்பது எனக்குச் செய்தி. வாயைத் திறந்தபடி நின்றேன்.

ஆடு மேய்த்த பெரியவர் கூரைமேல் இருந்த பலகையைப் பார்த்தார். "என்ன தேடுதிய?"

"தண்ணி."

"ஐப்பசி பொறக்கட்டும், வாங்க. மழை பெஞ்சா கெடக்கும்."

யென்ஸ் என்னிடம், "என்ன சொல்கிறார்?" என்றார்.

"சிறிது காலதாமதமாகும் என்கிறார்" என்று மொழிபெயர்த்தேன்.

அவர் போய் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். சுடலைமுத்துதான் வழி சொன்னார். "மழைத்தண்ணி குளத்துல இப்பம் என்ன இருக்கும்? ஆத்துத் தண்ணிக்குப் போவணும் சார். அணையில தொறந்து விட்டிருக்கான். ஸ்ரீவைகுண்டத்துல சும்மா ததும்பிக்கிட்டு நிக்கும்." இதை ஏன் காலையிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க காயிதத்தப் பாத்துக்கிட்டே வந்தீய. படிச்சவுக, தெரிஞ்சுதான் போறீயன்னு நெனச்சேன்."

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவைகுண்டம். வழியெல்லாம் வாழை, இடைவெளியெல்லாம் நெல். அணைக்கட்டுக்கு மேலே தாமிரபரணி அகன்று, அசையாமல், ஒரு கண்ணாடிபோலக் கிடந்தது. யென்ஸின் முகத்தில் முதல்முறையாக ஒரு ஒளி. அவர் ஒரு சுற்று போய்வந்தார். காற்று போதவில்லை, வாழைத் தோப்பு மறைக்கிறது என்றார். அவருக்குப் போதாத காற்று எனக்குச் சரியாக இருக்கும் என்றும் சொன்னார். ஊரில் அவ்வப்போது செய்கிறவனாயிற்றே நான்.

எங்கள் பலகை வேறு மாதிரி என்று சொல்லி ஒரு பாடமும் கேட்டுக்கொண்டேன். பாடம் சுலபம். பலகையின் நடுவில், பாய்மரத்துக்கு இருபுறமும் கால் வைத்து நிற்க வேண்டும். தண்ணீரில் கிடக்கும் பாய்த்துணியைக் கயிற்றால் பைய இழுத்துத் தூக்க வேண்டும். அது நிமிர்ந்ததும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சாய வேண்டும். "துணியோடு சண்டை போடாதீர்கள், அதை நம்புங்கள்" என்றார். எட்டு தடவை நம்பினேன், எட்டு தடவையும் கவிழ்ந்தேன். ஒன்பதாவது தடவை அது நிமிர்ந்தது. நானும் நிமிர்ந்தேன். பலகை நகர்ந்தது. நாற்பத்தொன்பது வயதில் நான் தண்ணீர்மேல் நின்றுகொண்டு போகிறேன்! எங்கே போகிறேன் என்பதைக் கவனிக்கவில்லை.

பெண்கள் குளிக்கும் படித்துறைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"ஏ பிள்ள, அங்க பாரு, என்னமோ பந்தலு நடந்து வருது!"

"பந்தலுக்குள்ள ஒரு ஆளு நிக்காம்ட்டி!"

"ஏய்யா! கண்ணு தெரியலயா? பொம்பளையள் குளிக்கது தெரியலயா?"

"தெரிஞ்சுதான வாராரு, நல்லா முழிச்சுப் பாத்துக்கிட்டு!"

நிறுத்த எனக்குத் தெரியாது. யென்ஸ் புறப்படத்தான் சொல்லித் தந்திருந்தார். "மன்னிக்கணும்!" என்று கத்தினேன். ஈரத் துணி ஒன்று பறந்து வந்தது. "கண்ண மூடும்வே!" என்று ஒரு அதட்டல் வந்தது. மூடினேன். பலகை படிக்கல்லில் மோதியது. நான் தலைகுப்புற விழுந்தேன். தண்ணீருக்குள் நான் நினைத்துக்கொண்டது: என் மனைவிக்கு இதை யார், எந்த வார்த்தைகளில் சொல்வார்கள்? கை கால்களை உதைத்தேன். "காப்பாத்துங்க!" என்று அலறினேன்.

"எந்திரிச்சு நில்லுமய்யா" என்றது அதே குரல், மிகவும் அலுப்பாக. "இடுப்பளவு தண்ணிதான்."

எழுந்து நின்றேன். இடுப்பளவுதான் இருந்தது. அவர்கள் சிரித்த சிரிப்பு அணைக்கட்டில் பட்டுத் திரும்பியது. தாமிரபரணிக் கரையில் ஒரு ஆண்பிள்ளைக்கு நீச்சல் தெரியாது என்பது, படித்துறைக்குள் புகுந்ததைவிடப் பெரிய விஷயமாகிவிட்டது. "நீச்சு தெரியாமலா இத்தன பெருசா வளந்திருக்காரு!" என்று ஒருத்தி ஆச்சரியப்பட்டது இன்னும் காதில் இருக்கிறது.

மதியம் ஒரு மெஸ்ஸில் வாழையிலை போட்டார்கள். தேங்காய்ப்பாலில் காய்கறி வேகவைத்த சொதியை யென்ஸ் சூப் என்று நினைத்து டம்ளரில் வாங்கிக் குடித்தார், இரண்டாம் முறையும் கேட்டார். பிறகு தொட்டுக்கொள்ள வைத்த மோர்மிளகாயை முழுதாகக் கடித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்துப் பரிமாறுகிறவர், "தொரைக்கு வெல்லம் குடுங்கலே!" என்று உள்ளே ஓடினார். கண்ணீர் வடிய, யென்ஸ் என்னிடம் சொன்ன ஒரே வாக்கியம்: "இன்னும் ஒரு வார இறுதி."

அந்த வாரம் முழுவதும் சுடலைமுத்து யோசித்திருக்கிறார். அடுத்த சனிக்கிழமை காலை லாட்ஜ் வாசலில் அவர் கையில் ஒரு பை இருந்தது. "சார், ஒரு புது சைக்கிள் வாங்குனாக்கூட நாம பூசை போடாம ஏறுவமா? இதுக்கு நாம ஒண்ணும் செய்யல. அதான் அது நம்மள ஆத்துல போட்டு அமுக்குது."

பத்தமடையைத் தாண்டி, கால்வாய்த் தண்ணீர் வந்து நிறைந்த ஒரு குளத்தங்கரையில் பூசை நடந்தது. பலகையின் மூக்கில் சந்தனம், அதன்மேல் குங்குமம். சூடம் காட்டி, தேங்காய் உடைத்தார். அதன்பிறகு சிக்கல். வண்டியென்றால் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கலாம். பலகைக்குச் சக்கரம் இல்லை. சுடலைமுத்து கொஞ்சம் யோசித்து, பழத்தைத் தரையில் வைத்து, பலகையை அதன்மேல் வைத்து, "சார், ஏறி நில்லுங்க" என்றார். ஏறி நின்றேன். அந்த வாரத்தில் நான் அதன்மேல் தடுமாறாமல் நின்றது அந்த ஒரு தடவைதான். யென்ஸ் எல்லாவற்றையும் புகைப்படம் எடுத்துக்கொண்டார்.

பிறகு அவர் குளத்தில் இறங்கினார். மேற்கே மலை இடைவெளியில் புகுந்து வந்த காற்று, மறைக்க மரம் இல்லாமல், நேராகக் குளத்தின்மேல் விழுந்தது. பாய்த்துணி ஒரு தடவை உதறிற்று. அடுத்த நொடி மனிதர் குளத்தின் அந்தப் பக்கம் இருந்தார். திரும்பினார், இந்தப் பக்கம் இருந்தார். வயலில் களை பறித்தவர்கள் கரையேறி வந்து நின்றார்கள். "ஏலே, தண்ணிக்கு மேல ஓடுதாம்லே!" தூரத்தில் யென்ஸ் சிரிப்பது கேட்டது. அப்படி ஒரு சத்தம் அவரிடம் இருந்து வரும் என்றே எனக்குத் தெரியாது. என் உத்தியோகம் காப்பாற்றப்பட்டுவிட்டது. நான் சுடலைமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

அத்தோடு வேனில் ஏறியிருக்க வேண்டும். ஆனால் யென்ஸ் ஈரம் சொட்ட வந்து, கண்கள் பளபளக்க, "இப்போது நீங்கள்!" என்றார். கரையில் அத்தனை பேர். சென்னை மானம்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், நின்றேன். துணியை நம்பினேன், அதுவும் என்னை நம்பிவிட்டது. ஒரு பஸ் நீளத்துக்குக் கொஞ்சம் கூடவே போனேன். பிறகு காற்று ஒரு பெருமூச்சு விட்டது. குளத்து மடையின் கருங்கல் தூண் என்னை நோக்கி வரத் தொடங்கியது. இந்தத் தடவையும் நிறுத்தத் தெரியாது. கேட்டு வைத்துக்கொள்ள ஒரு வாரம் இருந்தும் கேட்கவில்லை. மடக்கென்று ஒரு சத்தம். பாய்மரம் இரண்டாக முறிந்தது. என்னைக் களை பறித்தவர்கள் கரையேற்றினார்கள். மிதவைச் சட்டையைப் பிடித்து, வாளியைத் தூக்குவதுபோல.

யென்ஸ் முறிந்த இரண்டு துண்டுகளையும் கையில் வைத்துப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "திங்கட்கிழமை" என்று மட்டும் சொன்னார். துண்டுகளைக் கீழே வைத்துவிட்டு, "ஃபைபரும் பசையும் கிடைத்தால் ஒட்டலாம். ஆனால் இங்கே எங்கே கிடைக்கும்" என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை.

"மேலப்பாளையத்துல ஒரு ஃபைபர் பட்டறை இருக்கு" என்றார் சுடலைமுத்து. "தண்ணித்தொட்டி செய்யுதான். இருட்டுததுக்குள்ள போயிட்டா பாத்துரலாம்."

முறிந்த முனைகள் கையைக் கிழித்ததால், பாய்மரத் துண்டுகளையும் துணியையும் பலகையின்மேல் வைத்து, நான் மாற்றிக்கொள்ளக் கொண்டுவந்திருந்த எட்டு முழ வெள்ளை வேட்டியால் மொத்தத்தையும் சுற்றி, மூன்று இடத்தில் கயிறு கட்டினோம். வேட்டி போய்விட்டதால் நான் ஈரக் கால்சட்டையோடே வேனில் உட்கார்ந்தேன். குளத்துப் பாசி கண்ணில் போய், இரண்டு கண்ணும் கோவைப்பழமாகி, நிற்காமல் நீர் வடிந்தது. யென்ஸுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. தலையை நிமிர்த்த முடியவில்லை.

மேலப்பாளையம் எல்லையில் வேன் புகைந்து நின்றது. சுடலைமுத்து இறங்கி மூடியைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, "நேரா போங்க, பஜார் தாண்டினா பட்டறை. நான் இதச் சரிபண்ணிட்டு வாரேன்" என்றார். முன்னால் யென்ஸ், பின்னால் நான். வெள்ளைத்துணி சுற்றிய நீளத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தோம். அவர் தலை குனிந்து, நான் கண்ணீர் வடித்து, இரண்டு பேரும் சொட்டச் சொட்ட.

முதலில் நின்றது ஒரு டீக்கடை ரேடியோ. அடுத்து எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் என் பக்கத்தில் தோளைக் கொடுத்தார். இன்னொருவர் தறிக்கூடத்திலிருந்து வந்து முன்னால் கொடுத்தார். நாலு எட்டு வைப்பதற்குள் யாரோ என் தோளைத் தொட்டு, "நீங்க விடுங்க, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். பாரம் இறங்கியது. திரும்பிப் பார்த்தால் யென்ஸும் வெறுங்கையோடு நடந்துகொண்டிருந்தார். பத்து பேர் எங்கள் பலகையைத் தோள் மாற்றித் தோள் மாற்றிக் கொண்டுபோனார்கள். பின்னால் ஒரு கூட்டம் வந்தது.

நான் திகைத்துப் போனேன். சென்னையில் ஒரு மூட்டையைத் தோளில் வைத்தால் அடுத்த தெருவரை பேரம் பேசுவார்கள். இங்கே கேட்காமல் சுமக்கிறார்கள்! பஜாரில் கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். சனிக்கிழமை சீக்கிரம் அடைப்பார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

பக்கத்தில் நடந்தவர் டீக்கடை மைதீன் பாய். பெயர் பிறகு தெரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க வச்சு ஆச்சு?"

"பத்தமடை தாண்டி, குளத்துல."

"தண்ணியிலயா? நீச்சல் தெரியாதோ?"

"தெரியாது" என்றேன். இந்தச் செய்தி ஸ்ரீவைகுண்டத்திலிருந்து இங்கேயும் வந்துவிட்டதே என்று இருந்தது.

"அல்லாவே."

"காத்து திடீர்னு அடிச்சது. மடைக்கல்லுல மோதி ரெண்டா ஒடஞ்சு போச்சு."

மைதீன் பாய் கண்ணை மூடிக்கொண்டார். "ரெண்டாவா?"

"ஒட்டிரலாம்னு அவர் சொல்றார்." முன்னால் போகும் யென்ஸைக் காட்டினேன்.

அவர் யென்ஸின் குனிந்த தலையை வெகுநேரம் பார்த்தார். பிறகு அடுத்தவரிடம் மெல்லச் சொன்னார்: "பாவம், துக்கத்துல புத்தி பேதலிச்சுட்டு."

சுமந்தவர்களும் பேசிக்கொண்டே வந்தார்கள்.

"நல்ல ஒசரமான ஆளு போல."

"வெள்ளக்காரவுகல்லா, நீளமாத்தான் இருப்பாவ."

"ஆனா கனமே இல்லியே வே."

"நம்ம ஊருச் சாப்பாடு ஒத்துக்கிடலயோ என்னமோ."

இதையெல்லாம் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. ஆங்கிலத்தில் நான் எழுதாத கடிதமில்லை, தமிழில் படிக்காத புத்தகமில்லை. புரிந்துகொள்கிற இடத்தில் மட்டும் ஒன்றும் இல்லை.

டீக்கடையிலிருந்து இரண்டு பெஞ்சுகள் வந்தன. நிழலில் போட்டு, பலகையைப் பூப்போல இறக்கினார்கள். யாரோ சாம்பிராணி கொண்டுவந்தார். மூன்று சக்கர வண்டியில் வைக்கோல் மூடிய முழு ஐஸ் கட்டி ஒன்று வந்து இறங்கியது. அதற்கு ஏன் ஐஸ் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது, வெள்ளைத் தாடியும் தொப்பியுமாக ஒரு பெரியவர் என் முன்னால் வந்து நின்று, மிக மெதுவாகக் கேட்டார்:

"அடக்கம் பாளையங்கோட்டையிலயா? ஒரு தடவ மையத்து மொகத்தப் பாத்துக்கிடலாமா?"

அப்போதுதான் உறைத்தது. குளத்தில் விழுந்தபோதுகூட என் உடம்பு இப்படி ஜில்லிடவில்லை. சுற்றிலும் பார்த்தேன். நூறு முகங்கள். அத்தனையிலும் துக்கம், அத்தனையும் உண்மைத் துக்கம். ஒரு ஊர் தன் கடையைப் பாதி அடைத்து, வேலையைப் போட்டுவிட்டு வந்து, என் பொழுதுபோக்குச் சாமானைச் சுமந்திருக்கிறது. இதை நான் எந்த வாயால் சொல்வேன்? சொன்னால் என்ன செய்வார்கள்? யென்ஸ் ஒன்றும் தெரியாமல், யாரோ கையில் திணித்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். என் கண்ணிலிருந்து தாராளமாக வடிந்தது. பெரியவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அந்த நேரத்தில் புகைந்தபடி வேன் வந்து நின்றது. சுடலைமுத்து கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்ன வே கூட்டம்?"

"வெள்ளக்காரர் ஒருத்தர் குளத்துல மவுத்து."

"ஐயையோ, எந்த வெள்ளக்காரர்?" என்று பதறிய சுடலைமுத்து, யென்ஸைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நம்மகிட்ட இருக்கது ஒரே ஒரு வெள்ளக்காரருலா! அந்தா, தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு நிக்காரு." கயிற்றை அவிழ்த்து வேட்டியை உருவினார். "இது பலகைவே!"

சந்தனமும் குங்குமமும் வைத்த வெள்ளை மூக்கு வெளியே வந்தது.

சாம்பிராணி மட்டும் புகைந்தது. பெரியவர் குனிந்து பார்த்தார். "பொட்டெல்லாம் வச்சிருக்கே" என்றார். நான் கைகூப்பினேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன், தெரியாமல் நடந்தது என்றேன், நான் யாரையும் கூப்பிடவில்லை என்றேன்.

மைதீன் பாய்தான் முதலில் மூச்சுவிட்டார். "ஆளு யாருக்கும் ஒண்ணும் இல்லல்லா?"

"இல்லை."

"அல்ஹம்துலில்லாஹ். அப்பொறம் என்ன?" என்றவர் திரும்பி, "ஏலே, அந்த ஐஸ ஒட. வீணாப் போவுது. நன்னாரி எடு" என்றார்.

பிறகுதான் சிரிப்பு வந்தது. முதலில் பின்வரிசையில், அப்புறம் முன்வரிசையில், கடைசியில் தாடிக்காரப் பெரியவருக்கு, அவருக்கு வந்தபின் நிற்கவில்லை. "நான் மூணு தடவ தோள் குடுத்தேன்வே!" என்று ஒருவர் தோளைத் தேய்த்தார். "அதான் கனமே இல்லன்னு சொன்னேம்லா" என்றார் இன்னொருவர். வெள்ளைக்காரரின் உடலுக்கென்று வந்த ஐஸ், நன்னாரி சர்பத்தாகி ஊர் முழுக்கப் போயிற்று. எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. அவ்வளவு கூச்சத்தோடு நான் எதையும் குடித்ததில்லை, அவ்வளவு ருசியாகவும்.

யென்ஸ் என்னை ஓரமாக அழைத்தார். என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"துணிக்குள் இருப்பது யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததா?"

"தெரியாது."

"பிறகு ஏன் சுமந்தார்கள்?"

மைதீன் பாயிடம் கேட்டேன். அவர் சர்பத் டம்ளரைக் கழுவிக்கொண்டே, கேள்வியே புரியாதவர்போல என்னைப் பார்த்தார். "யாரு எவருன்னு விசாரிச்சிட்டா தோள் குடுப்பாவ?"

மொழிபெயர்த்தேன். முதலாளியின் வாக்கியங்களைப்போல் இதற்கு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. யென்ஸ் பிடித்துக்கொண்ட கழுத்தோடு கடைத்தெருவை ஒரு முறை முழுக்கத் திரும்பிப் பார்த்தார். உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது.

பட்டறைக்காரர் அங்கேயே கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரும் தோள் கொடுத்தவர்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் பாய்மரத்தை ஒட்டிக் கொடுத்தார். ஒட்டிய இடம் தண்ணீர்த்தொட்டியின் கறுப்பு நிறத்தில், நடுவில் கொஞ்சம் வயிறு வைத்ததுபோல் இருந்தது.

திங்கட்கிழமை காலை நான் என் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் லாட்ஜின் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். யென்ஸ் இட்லிக்கு எள்ளுப்பொடி குழைத்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குக் கயத்தாறில் இருக்க வேண்டும், வேன் தயாரா என்று கேட்டார். ரயில் என்னாயிற்று என்றேன்.

"எந்த ரயில்?"

"குளத்தில் காற்று நன்றாக இருந்தது, இல்லையா?" என்றேன், எனக்கும் இதில் ஒரு பங்கு கிடைக்கட்டும் என்று.

"காற்றும் தண்ணீரும் எங்கள் ஊரிலும் இருக்கின்றன" என்றார் அவர். பிறகு இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றச் சொன்னார்.

முதலாளிக்கு நான் எழுதிய அறிக்கையில், வார இறுதி விளையாட்டுக்கு ஏற்ற நீர்நிலையைக் கடும் முயற்சியால் கண்டறிந்து, நானே முன்னின்று சோதித்துப் பார்த்ததாக எழுதினேன். முதலாளி தொலைபேசியில் பாராட்டினார். அடுத்த சனிக்கிழமை பத்தமடைக்குப் புறப்பட்டபோது, உலர்ந்த வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக, கண்ணெல்லாம் தெளிந்து, ஏறக்குறைய ஒரு விளையாட்டு வீரனின் மிடுக்கோடு வேனின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். மேலப்பாளையத்தில் யென்ஸ் டீ குடிக்க வேண்டும் என்றார். வேன் நின்றது. கடைக்குள்ளிருந்து மைதீன் பாய் எட்டிப் பார்த்தார்.

"வாங்க தொர! மையத்து மேல ஏறிட்டா?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டுவிட்டு, வேனைச் சுற்றி வந்தார். என் பக்கத்து ஜன்னலில் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"அட, அழுவுத சாரு நீங்கதானா? அழாம இருந்தா அடையாளமே தெரியல."